பின்னக் கணக்குகள்: குரூப் 4 தேர்வர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தாளில் 200 கேள்விகள், அதில் திறனறிவுக்கு 25. பாடத்திட்டத்தில் சுருக்குதல், விழுக்காடு, விகிதம், தனிவட்டி, காலமும் வேலையும் என்று தலைப்புகள் வரிசையாக நிற்கும். பின்னம் தனியாகக் கண்ணில் படாது, ஆனால் இவற்றில் பாதிக்கு மேல் பின்னம் தெரியாமல் நகராது. வாக்கியமாகக் கேட்கப்படும் பின்னக் கணக்குகளில் எங்கே தடுமாற்றம் வருகிறது, எப்படிச் சமாளிப்பது என்பதற்கான பதில்கள் இவை.

பின்னத்தைக் கூட்ட, கழிக்க, பெருக்க நன்றாகவே வருகிறது. வாக்கியமாகக் கேட்டால் மட்டும் ஏன் தப்பாகிறது?

தப்பு கணக்குப் போடுவதில் இல்லை. கொடுத்த பின்னம் எதில் எடுக்கப்பட்டது என்று பார்க்காமல் போடத் தொடங்குவதுதான் காரணம். இரண்டு கேள்விகளைப் பாருங்கள்.

ஒன்று: ஒரு கம்பத்தின் 1/4 பங்கு மண்ணிலும் 3/5 பங்கு நீரிலும் உள்ளது. நீருக்கு மேலே 3 மீட்டர் தெரிகிறது. கம்பத்தின் நீளம் என்ன?

இரண்டு: ஒரு கம்பத்தின் 1/4 பங்கு மண்ணிலும், மீதியில் 3/5 பங்கு நீரிலும் உள்ளது. நீருக்கு மேலே 3 மீட்டர் தெரிகிறது. கம்பத்தின் நீளம் என்ன?

முதல் கேள்வியில் இரண்டு பின்னங்களும் முழுக் கம்பத்தில் எடுத்தவை. எனவே கூட்டலாம்: 1/4 + 3/5 = 17/20. மேலே தெரிவது 3/20. அது 3 மீட்டர் என்றால் கம்பம் 20 மீட்டர்.

இரண்டாவதில் 3/5 என்பது மண்ணுக்கு மேலே உள்ள 3/4 பங்கில் எடுத்தது. நீருக்கு மேலே நிற்பது அந்த 3/4 பங்கில் 2/5, அதாவது 3/4 × 2/5 = 3/10. கம்பம் 10 மீட்டர்.

ஒரே ஒரு சொல், விடை பாதியாகிவிட்டது. இரண்டாவது கேள்வி வந்தால் விடைப்பட்டியலில் 20 மீட்டரும் இருக்கும் என்று எதிர்பாருங்கள். அவசரத்தில் எந்தத் தப்பு வரும் என்று தெரிந்துதான் கேள்வி அமைப்பவர் மற்ற மூன்று விடைகளை வைக்கிறார். அதனால் உங்களுக்கு வந்த விடை பட்டியலில் இருப்பதாலேயே அது சரி என்று ஆகாது.

பழக்கம் இப்படி இருக்கட்டும்: ஒவ்வொரு பின்னத்தின் பக்கத்திலும் அது எதில் எடுத்தது என்று ஒரு சொல் குறியுங்கள். ‘மொத்தம்’, ‘மீதி’, ‘ஆண்கள்’, ‘முதல்நாள்’ எதுவானாலும் சரி. இரண்டு பின்னங்களுக்கும் ஒரே சொல் வந்தால் கூட்டலாம், கழிக்கலாம். வேறு சொல் வந்தால் முதலில் பெருக்கி இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவர வேண்டும்.

‘மீதியில்’, ‘மீதியில்’ என்று மூன்று நான்கு முறை தொடர்ந்தால்?

செலவான பங்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு படியிலும் எஞ்சிய பங்கை மட்டும் எழுதிப் பெருக்குங்கள். கையிலிருந்த பணத்தில் 1/3 போனது, மீதியில் 1/4 போனது, அதன் மீதியில் 1/5 போனது என்றால் எஞ்சியது 2/3 × 3/4 × 4/5. குறுக்கே அடிபட்டு 2/5 நிற்கும். (1 − 1/3)(1 − 1/4)(1 − 1/5)… என்று நீளமாகக் கொடுத்து மதிப்பு கேட்கும் சுருக்குதல் கேள்வியும் இதேதான். கடைசி அடைப்பில் 1/50 இருந்தால் விடை 2/50, அதாவது 1/25. மேலே முதல் எண்ணின் தொகுதியும் கீழே கடைசி எண்ணின் பகுதியும் மட்டுமே தப்பும்.

மொத்தத்தை 1 என்று வைப்பதா, எக்ஸ் என்று வைப்பதா?

இரண்டையும்விட வேகமான வழி ஒன்று உண்டு. கேள்வியில் வரும் பகுதி எண்களுக்குப் பொதுவான ஒரு மடங்கை மொத்தமாக வைத்துக்கொள்வது.

ஒருவர் சம்பளத்தில் 2/5 பங்கை வாடகைக்கும், மீதியில் 1/3 பங்கை உணவுக்கும் செலவிட்டபின் கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. சம்பளம் என்ன?

பகுதிகள் 5, 3. மொத்தம் 15 பங்கு என்று வையுங்கள். வாடகை 6 பங்கு, மீதி 9. அதில் மூன்றில் ஒன்று 3 பங்கு உணவுக்கு. எஞ்சியது 6 பங்கு. 6 பங்கு 12,000 என்றால் ஒரு பங்கு 2,000. சம்பளம் 30,000. பின்னமே எழுதாமல் முழு எண்ணிலேயே முடிந்துவிட்டது.

இங்கே ‘மீதியில்’ என்பதைக் கவனிக்காதவருக்கு 1 − 2/5 − 1/3 = 4/15 என்று வந்து, விடை 45,000 ஆகும். தப்பான பாதையும் முழு எண்ணில் அழகாக முடிவதால் சந்தேகமே வராது. அரை நிமிடம் செலவிட்டுத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 45,000-இல் வாடகை 18,000 போக 27,000; அதில் உணவு 9,000 போக 18,000. கேள்வி சொன்ன 12,000 வரவில்லை.

பங்கு முறையில் ஒரு எச்சரிக்கை. மொத்தத்தை உண்மையான எண்ணாகக் கேள்வியே கொடுத்திருந்தால் நீங்களாக வேறு எண் வைக்கக் கூடாது. மொத்தம் தெரியாதபோதும், விடையைப் பின்னமாகவோ விழுக்காடாகவோ கேட்கும்போதும்தான் இது பயன்படும்.

ஆண்களில் இவ்வளவு பங்கு, பெண்களில் இவ்வளவு பங்கு என்று கேட்டால்?

ஒரு அலுவலகத்தில் 3/5 பங்கு ஆண்கள். ஆண்களில் 1/4 பங்கும் பெண்களில் 1/3 பங்கும் பட்டதாரிகள். மொத்தத்தில் பட்டதாரிகள் எத்தனை பங்கு?

1/4 + 1/3 = 7/12 என்று கூட்டுவது பொருளற்றது, ஏனென்றால் அவை இரண்டு வெவ்வேறு கூட்டங்களின் பங்குகள். மொத்தம் 60 பேர் என்று வைத்தால் ஆண்கள் 36, பெண்கள் 24. பட்டதாரிகள் 9 + 8 = 17. விடை 17/60. கணக்குப் போடும் முன்பே ஒரு சோதனை செய்யலாம்: ஒரு கூட்டத்தில் கால் பங்கு, இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு என்றால் மொத்தத்தில் விடை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழ வேண்டும். 7/12 பாதியைத் தாண்டுகிறது, எனவே அது விடையாக இருக்கவே முடியாது.

தொட்டியில் முதலில் 3/4, பிறகு 3/5 என்று வரும் கணக்கு?

ஒரு தொட்டியில் 3/4 பங்கு நீர் இருந்தது. 18 லிட்டர் எடுத்தபின் 3/5 பங்கு ஆனது. கொள்ளளவு என்ன? இரண்டு பின்னங்களும் தொட்டியின் முழுக் கொள்ளளவில் எடுத்தவை. வித்தியாசம் 3/4 − 3/5 = 3/20. அது 18 லிட்டர். கொள்ளளவு 120 லிட்டர். ‘3/20’ வந்ததும் 18-ஐ அதனுடன் பெருக்கிவிடுபவர்கள் உண்டு. பகுதி தெரிந்து முழுமையைத் தேடும்போது தலைகீழியால் பெருக்க வேண்டும்: 18 × 20/3. முழுமை எப்போதும் பகுதியைவிடப் பெரிதாக வரவேண்டும் என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தப்பு நேராது.

‘1/4 பங்கு குறைந்தது’, ‘1/4 பங்காகக் குறைந்தது’ இரண்டும் ஒன்றா?

இல்லை. 8,000 ரூபாய் 1/4 பங்கு குறைந்தால் 6,000. 1/4 பங்காகக் குறைந்தால் 2,000. ‘மடங்கு’ வரும் கேள்விகளிலும் இதே கவனம் வேண்டும்.

ஒருவர் சம்பளம் மற்றவரைவிட 1/4 பங்கு அதிகம். அப்படியானால் மற்றவர் சம்பளம் இவரைவிட 1/4 பங்கு குறைவுதானே?

1/5 பங்குதான் குறைவு. குறைந்த சம்பளம் 4 பங்கு என்றால் அதிகமானது 5 பங்கு. வித்தியாசம் ஒரே ஒரு பங்கு. 4-ஓடு ஒப்பிட்டால் 1/4, 5-ஓடு ஒப்பிட்டால் 1/5. ‘விட’ என்ற சொல் யாருடன் ஒட்டி வருகிறதோ அவரே அடிப்படை.

விலை 1/4 பங்கு ஏறினால், செலவு ஏறாமல் இருக்கப் பயன்பாட்டை எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கேள்விக்கும் விடை 1/5. விழுக்காட்டில் கேட்டால் 25 விழுக்காடு ஏற்றத்துக்கு 20 விழுக்காடு குறைப்பு. 1/8 = 12½%, 1/6 = 16⅔%, 3/8 = 37½% என்று பத்துப் பன்னிரண்டு இணைகளை மனப்பாடம் செய்துவிட்டால் விழுக்காட்டுக் கணக்குகளில் பெரும்பாலானவை பின்னக் கணக்குகளாக மாறி எளிதாகிவிடும்.

‘குமாரின் சம்பளத்தில் 2/3 பங்கும் ரவியின் சம்பளத்தில் 3/4 பங்கும் சமம்’. விகிதம் என்ன?

9 : 8. இங்கே 8 : 9 என்று குறிப்பவர்கள் அதிகம், ஏனென்றால் 2/3 : 3/4 என்று கொடுத்த வரிசையிலேயே விகிதம் எடுத்துவிடுகிறார்கள். சிறிய பங்கே மற்றவரின் பெரிய பங்குக்குச் சமமாகிறது என்றால் குமாரின் சம்பளம்தான் பெரிது. ஆகவே பின்னங்களை இடம் மாற்றி 3/4 : 2/3 என்று எடுக்க வேண்டும். இருவர் சம்பளமும் சேர்ந்து 34,000 என்று கொடுத்திருந்தால் 17 பங்கு, ஒரு பங்கு 2,000. குமாருக்கு 18,000, ரவிக்கு 16,000.

வகுத்தால் விடை பின்னத்தோடு வருகிறது. அந்தப் பின்னம்தான் மீதியா?

7½ மீட்டர் துணி இருக்கிறது. ஒரு சட்டைக்கு 2¼ மீட்டர். எத்தனை சட்டை தைக்கலாம், எவ்வளவு துணி மிஞ்சும்?

15/2 ÷ 9/4 = 15/2 × 4/9 = 3⅓. சட்டை மூன்று. மிச்சம் ⅓ மீட்டர் என்று எழுதினால் தப்பு. அந்த ⅓ என்பது மூன்றில் ஒரு பங்கு சட்டை, மீட்டர் அல்ல. துணியாக மாற்ற ⅓ × 9/4 = ¾ மீட்டர். சரிபார்க்க: 3 சட்டைக்கு 6¾ மீட்டர், மிச்சம் ¾. விடைப்பட்டியலில் ‘3, ⅓ மீ’ என்று ஒன்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கலப்பு பின்னங்களை அப்படியே பெருக்கலாமா?

கூட்டலில் முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் கூட்டலாம். பெருக்கலில் கூடாது. 2⅓ × 3¼-ஐ 2 × 3, ⅓ × ¼ என்று பிரித்தால் 6 1/12 வரும். சரியானது 7/3 × 13/4 = 91/12, அதாவது 7 7/12. பிரித்துப் பெருக்கும்போது 2 × ¼, ⅓ × 3 என்ற இரண்டு குறுக்குப் பெருக்கல்கள் விடுபட்டுப் போகின்றன. அவை சேர்ந்து 1½; குறைந்ததும் அதே 1½தான்.

‘இன்’ வரும் சுருக்குதல் கேள்வியில் எதை முதலில் செய்வது?

‘12 ÷ ½ இன் 4’ என்றால் ‘இன்’ முதலில்: ½ × 4 = 2, பிறகு 12 ÷ 2 = 6. அதே இடத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தால் இடமிருந்து வலமாக 24 × 4 = 96.

நான்கு பின்னங்களை ஏறுவரிசையில் எழுத ஒவ்வொன்றையும் தசமமாக்க வேண்டுமா?

கால்குலேட்டர் இல்லாத தேர்வில் அது நேரத்தைத் தின்னும். 5/7, 7/10, 8/11, 3/4 என்று கொடுத்தால், ஒவ்வொன்றும் 1-க்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்: 2/7, 3/10, 3/11, 1/4. இவற்றின் தொகுதிகளைச் சமமாக்கினால் 6/21, 6/20, 6/22, 6/24. தொகுதி சமமாக இருக்கும்போது பகுதி பெரிதானால் பின்னம் சிறிது. குறை அதிகமானது 7/10, அதுவே மிகச் சிறியது. வரிசை: 7/10, 5/7, 8/11, 3/4.

இரண்டே பின்னங்கள் என்றால் குறுக்குப் பெருக்கல் போதும். 5/7-உம் 7/10-உம்: 5 × 10 = 50, 7 × 7 = 49. 5/7 பெரிது.

பள்ளிப் பாடத்தில் பகுதிகளைச் சமமாக்கவே அதிகம் பழக்கப்பட்டிருப்போம். இங்கே 7, 10, 11, 4 ஆகியவற்றின் மீ.சி.ம. 1,540. தொகுதிகளைச் சமமாக்கும் வழி நினைவுக்கு வராவிட்டால் அந்த 1,540-இல் மாட்டிக்கொள்வோம்.

காலமும் வேலையும் கணக்குகளில் பின்னம் எப்படி வருகிறது?

12 நாளில் முடிப்பவர் ஒரு நாளில் 1/12 வேலை செய்கிறார். 18 நாளில் முடிப்பவர் 1/18. நாட்களைக் கூட்டக் கூடாது, ஒரு நாள் வேலையைத்தான் கூட்டலாம்: 5/36. இருவரும் சேர்ந்தால் 36/5, அதாவது 7⅕ நாள்.

இதிலும் பங்கு முறை கைகொடுக்கும். மொத்த வேலை 36 அலகு என்று வைத்தால் முதலாமவர் நாளுக்கு 3 அலகு, இரண்டாமவர் 2. இருவரும் 4 நாள் சேர்ந்து செய்தபின் முதலாமவர் விலகினால் மீதி வேலை எத்தனை நாளில் முடியும்? 4 நாளில் 20 அலகு முடிந்தது, மீதி 16. இரண்டாமவருக்கு 8 நாள். கேள்வி ‘மீதி வேலை எத்தனை நாளில்’ என்கிறதா, ‘மொத்தம் எத்தனை நாளில்’ என்கிறதா என்று மறுபடி பாருங்கள். இரண்டாவதானால் விடை 12.

விடைகளை வைத்தே பின்னோக்கிப் போகலாமா?

தாராளமாக. சில கேள்விகளுக்கு அதுவே நல்ல வழி. ஒரு பின்னத்தின் தொகுதியுடன் 1 கூட்டினால் 1/2, பகுதியுடன் 1 கூட்டினால் 1/3 கிடைக்கிறது. விடைகள் 2/7, 3/7, 5/12, 3/8 என்று வைத்துக்கொள்வோம். முதல் நிபந்தனையிலேயே 3/7, 4/7 என்று வந்து முதல் இரண்டும் விழுகின்றன. 5/12 அதைத் தாண்டினாலும் (6/12) இரண்டாவதில் 5/13 ஆகி விழுகிறது. 3/8: 4/8, 3/9. இரண்டும் பொருந்துகின்றன. சமன்பாடே தேவைப்படவில்லை.

ஆனால் ‘ஒரு எண்ணின் 3/4 பங்கு அதன் 2/3 பங்கைவிட 7 அதிகம்’ போன்றவற்றில் நேர்வழிதான் குறுக்குவழி. வித்தியாசம் 1/12; எண் 7 × 12 = 84. நான்கு விடைகளையும் சோதிக்க ஆகும் நேரத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

பகுதிகளை வைத்தும் விடைகளைக் கழிக்கலாம். ஆட்களின் எண்ணிக்கையில் 4/9 பங்கு என்று வந்தால் மொத்தம் 9-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். வகுபடாத விடைகளை உடனே அடித்துவிடுங்கள். பணம், நீளம், லிட்டர் ஆகியவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

தெரியாத கேள்விக்கு ஊகித்துக் குறிக்கலாமா?

குரூப் 4-இல் ஒவ்வொரு கேள்விக்கும் 1½ மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. ஒன்றிரண்டு விடைகளை நீக்க முடிந்தாலே குறிப்பது லாபம். எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விடுவதுதான் கூடாது.

ரயில்வே என்.டி.பி.சி. தேர்வில் தவறான விடைக்கு 1/3 மதிப்பெண் கழிவு உண்டு. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது 1/4 − (3/4 × 1/3) = 0. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையை உறுதியாக நீக்கிவிட்டால் 1/3 − (2/3 × 1/3) = 1/9. இதுவே ஒரு பின்னக் கணக்குதான்.

ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம்?

3 மணி நேரத்தை 200-ஆல் வகுத்தால் கேள்விக்கு 54 வினாடி. தமிழ்ப் பகுதியில் பல கேள்விகள் அதற்குள் பாதியிலேயே முடியும். மிச்சமாகும் நேரத்தைக் கணக்குக்குத் தரலாம். ஆனால் இரண்டு நிமிடம் தாண்டியும் வழி தெரியாவிட்டால் குறி வைத்துவிட்டு நகருங்கள்.

தமிழ் வாக்கியமே குழப்பமாக இருந்தால்?

பொது அறிவு, திறனறிவுக் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். பின்னம் மொத்தத்தில் எடுத்ததா மீதியில் எடுத்ததா என்று தெளியவில்லை என்றால் ஆங்கில வரியைப் பாருங்கள். அங்கே ‘ரிமெயினிங்’, ‘ரிமெயின்டர்’, ‘ரெஸ்ட்’ என்ற சொற்களில் ஒன்று பின்னத்துக்குப் பின்னால் வந்தால் அடிப்படை மீதிதான்.

எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது?

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 6-ஆம் வகுப்புக் கணக்கில் பின்னங்கள், 7-இல் விழுக்காடும் தனிவட்டியும், 8-இல் வாழ்வியல் கணிதம். இந்த வரிசையிலேயே எடுத்துக்காட்டுகளையும் பயிற்சிகளையும் போட்டு முடித்தபின் பழைய வினாத்தாள்களுக்குப் போனால் போதும். தடிமனான குறுக்குவழிப் புத்தகங்களை முதலிலேயே எடுத்தால் சூத்திரம் எந்தக் கேள்விக்கு என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

சில கணக்குகள் கொடுங்கள், போட்டுப் பார்க்கிறோம்.

அ. ஒரு நூலில் 3/8 பங்கு பக்கங்களை முதல்நாளும், மீதியில் 2/5 பங்கை மறுநாளும் படித்தபின் 90 பக்கங்கள் எஞ்சின. மொத்தப் பக்கங்கள்?

ஆ. ஒரு பள்ளியில் 4/9 பங்கு மாணவிகள். மாணவர்கள் மாணவிகளைவிட 60 பேர் அதிகம். மொத்தம் எத்தனை பேர்?

இ. ஒரு எண்ணை 2/3-ஆல் பெருக்குவதற்குப் பதில் வகுத்துவிட்டதால் விடை 25 அதிகமாகிவிட்டது. அந்த எண்?

ஈ. ஒரு குழாய் 6 மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும். அடியிலுள்ள கசிவு 10 மணி நேரத்தில் முழுத் தொட்டியையும் காலியாக்கும். ஏற்கெனவே 2/5 பங்கு நீர் இருந்தால் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும்?

விடைகள்: அ. 240 (400 வந்திருந்தால் ‘மீதியில்’ என்பதை விட்டுவிட்டீர்கள்). ஆ. 540, மாணவர்கள் 5/9, வித்தியாசம் 1/9. இ. 30, வகுத்தால் 45, பெருக்கினால் 20. ஈ. 9 மணி நேரம், மணிக்கு 1/15 நிரம்புகிறது, நிரம்ப வேண்டியது 3/5 (15 என்று வந்திருந்தால் தொட்டி காலியாக இருந்ததாக எடுத்துக்கொண்டீர்கள், 6 என்று வந்திருந்தால் ஏற்கெனவே இருந்த 2/5 பங்கு நிரம்ப ஆகும் நேரத்தைக் கண்டிருக்கிறீர்கள்).